லேபிள் வேண்டாத கவுன்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

பெரியக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பார்சல் ஆபீசில் பெட்டி தூக்க ஆள் இருக்கும்போது நீ ஏன் தூக்குகிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். பதில் இல்லை. தூக்குகிறாய் என்று அர்த்தம்.

ஃபோனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அளவு, கலர், தேதி இந்த மூன்றையும் வாயால் சொன்னால் காதில் விழுவதற்குள் மாறிவிடும். எழுதினால்தான் பிற்பாடு சண்டை போட வசதி.

விஷயம் கடையைப் பற்றியது. இப்போது வரும் மணப்பெண்கள் கவுனைப் பார்ப்பதில்லை. கழுத்துப் பக்கம் புரட்டி லேபிளைப் பார்க்கிறார்கள். கம்பெனி பெயரை மனதில் குறித்துக்கொண்டு, அம்மாவோடு கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று போகிறார்கள். அதே கம்பெனி கவுனை வேறு கடையில் வாங்கிவிடுகிறார்கள். காலை முழுக்க முட்டி போட்டுக் குண்டூசி குத்தியது நான், வியாபாரம் இன்னொருத்தருக்கு.

அதனால் சொந்த லேபிள் போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நீ இருக்கும் ஊரில் கவுன் தைக்கிற ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கின்றனவாம். அவர்கள் தைப்பார்கள், உள்ளே நம் கடைப் பெயர் போட்ட லேபிளை வைத்து அனுப்புவார்கள். அந்தக் கவுன் உலகத்தில் வேறெந்தக் கடையிலும் கிடைக்காது. நல்ல இடமாகப் பார். முதலில் பத்து கவுன். கை வைத்தது, கழுத்து மூடியது, கொஞ்சம் லேஸ். இந்த சீசன் கைகொடுக்காவிட்டால் அம்மா விட்டுப்போன கடையை இழுத்து மூடிவிட்டு உன் அத்தானோடு உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான்.

எதிர்க்கடையைப் பற்றி நீயும் எழுத வேண்டாம், நானும் கேட்கப்போவதில்லை. இப்போதெல்லாம் அங்கே ஷட்டரைத் தாமதமாகத்தான் திறக்கிறார்கள். உடம்பு சரியில்லையோ என்னவோ. எனக்கென்ன.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பெரியக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி எழுதுவது. என் முதுகு என்னோடுதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நான்கு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். கடைசியில் ஒன்று பிடித்தது. கீழே டயர் கடை, மேலே கவுன். மாடிப்படி வரைக்கும் ரப்பர் நாற்றம், கதவைத் திறந்தால் எங்கும் வெள்ளை. அங்கே துணி வெட்டுகிற அம்மாவை எல்லோரும் மாஸ்டரம்மா என்கிறார்கள். வெள்ளைக் கவுன் வேண்டும் என்றேன்.

“எந்த வெள்ளைங்க?” என்றார்.

“வெள்ளைன்னா வெள்ளைதாம்மா.”

அவர் துணித் துண்டுகளை மேஜையில் பரப்பினார். பால் வெள்ளை, பாலாடை வெள்ளை, முத்து வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன், வேறு வேறாகத் தெரிந்தது. உள்ளே வந்தேன், மறுபடி ஒன்றாகிவிட்டது. அக்கா, பார்சல் ஆபீசில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவனுக்கு உடையும் பொருள், உடையாத பொருள் என்று இரண்டுதான் தெரியும். துண்டுகளை இத்துடன் அனுப்புகிறேன். எதைச் சொல்கிறீர்களோ அதன் மேல் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. “ஒரு டிசைனுக்கு இருபது பீஸ் எடுத்தாத்தான் துணியில கத்திரி வைப்பேன், பத்துக்கெல்லாம் கட்டுப்படியாகாது” என்றார் மாஸ்டரம்மா. நீங்கள் கேட்டது பத்து. அதற்கு ஒரு வழி பண்ணியிருக்கிறேன். என்ன வழி என்று கேட்காதீர்கள். எழுதினால் குழப்பம்தான்.

உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள சின்னக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நீ நலமா? ராத்திரி சாப்பாட்டைத் தவிர்க்காமல் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். கண்தான் கொஞ்சம் கூசுகிறது, நிறைய வெள்ளை பார்த்துவிட்டேன்.

சொந்த லேபிள் போட வேண்டும் என்று போன வருஷம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஒர்க்‌ஷாப் கிடைத்திருக்கிறது. குறைந்தது இருபது கவுன் எடுக்க வேண்டும். அதில் பத்தை வேறொரு கடை எடுத்துக்கொள்கிறது. மீதிப் பத்தை நீ எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் காரியம் ஆகும். உடம்புத் துணி ஒன்றேதான். கை, லேஸ் மட்டும் உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே உன் கடை லேபிள் இருக்கும். அந்த இன்னொரு கடை ரொம்பத் தூரம். உனக்குப் போட்டியே இல்லை.

இதைப் பெரியக்காவிடம் சொல்லிவிடாதே. நீ அவரோடு பேசுவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லாதே.

உன் அன்புத் தம்பி

மார்ச் 10

டேய் முடிச்சு,

சின்னக்கா எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படிக்கும்வரை நலமாகத்தான் இருந்தேன். கண் கூசினால் கண்ணாடி போட்டுக்கொள், எனக்கு ஏன் எழுதுகிறாய்?

பத்து கவுன் எனக்குச் சம்மதம். கை வேண்டாம். கழுத்து இறக்கமாக இருக்கட்டும், லேஸ் ஒரு விரல் கூடுதலாக. அந்த ‘ரொம்பத் தூரத்துக்’ கடைக்காரர்களிடம் என் டிசைனைக் காட்டிவிடாதே.

பெரியக்காவிடம் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அவள் சொன்ன கதைதான் தெரிந்திருக்கும். சின்னவள் ஒரு வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டு போய் எதிரிலேயே கடை போட்டாள் என்று சொல்லியிருப்பாள். நீ அன்றைக்கு ஊரில் இல்லை. அதனால் என் கதையையும் ஒருமுறை கேட்டு வை.

அம்மா இருந்த காலத்திலிருந்தே கடைக்கு வருகிற எல்லாக் கவுனையும் முதலில் போட்டுப் பார்த்தது நான்தான். கடையில் பொம்மை கிடையாது, நான் இருந்தேன். அக்கா வாய் நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டு “கையைத் தூக்கு” என்பாள். “மூச்சை இழுத்துப் பிடி” என்பாள். “திரும்பு” என்பாள். எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் “சரி, கழட்டு” என்பாள். எத்தனை கவுன் என்று எனக்கே தெரியாது. எல்லாமே “சரி, கழட்டு” என்றுதான் முடியும்.

அன்றைக்கு ஒரு மணப்பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து, “இந்தப் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?” என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள், “இவ போட்டுப் பாத்த கவுனு ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருச்சு. இவளுக்குத்தான் ஒண்ணும் அமையல.” கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் “சரி, கழட்டு” என்றாள். கழட்டி வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல்.

உடம்பைப் பார்த்துக்கொள். பெட்டியை அழுத்திக் கட்டு.

சின்னக்கா

மே 2

அன்புள்ள தம்பிக்கு,

பெரியக்கா ஆசிகளுடன் எழுதுவது. இங்கே சுகம். தைலம் தேய்க்கிறேன். முட்டி கேட்பதாக இல்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்தன. பத்தில் எட்டு போய்விட்டது. ஒரு பெண் லேபிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனாள். ஊரெல்லாம் தேடியிருப்பாள் போல, நான்காம் நாள் திரும்பி வந்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி “வாம்மா” என்றேன். உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. மாஸ்டரம்மாவிடம் சொல், தையல் பிரமாதம்.

ஒரு விஷயம். எதிர்க்கடை ஜன்னலில் நம் கவுன் நிற்கிறது. கை இல்லை, லேஸ் ஒரு விரல் கூடுதல். மற்றபடி நம் கவுனேதான். தற்செயலாக இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இன்னொரு வேலை. தனியாக ஒரே ஒரு கவுன் வேண்டும். இருக்கிற துணியிலேயே உசத்தியானதாக எடு. லேஸ் வேண்டாம், சாதாரணமாக இருக்கட்டும். அளவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன், மறந்துவிடாதே. இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் இறக்கம். முதுகில் ஜிப் வேண்டாம், பொத்தான். பொத்தான்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜூலை முதல் வாரத்துக்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும்.

லேபிள் வேண்டாம்.

யார் என்று கேட்காதே. கஸ்டமர்.

பெரியக்கா

மே 16

அன்புத் தம்பிக்கு,

சின்னக்கா எழுதுகிறேன். நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கவுன்கள் நன்றாகப் போகின்றன. உன்னைத் திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்பது வருத்தம்தான்.

ஒரு கஸ்டமருக்குத் தனியாக ஒரு கவுன் வேண்டும். நாற்பதைத் தாண்டியவள். பெரிய கூட்டமெல்லாம் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து, அப்புறம் பத்துப் பேரோடு ஒரு சாப்பாடு. ஜூலை 20. கண்ணாடி முன்னால் நிற்கவே வெட்கப்படுகிறாள், அதனால் ஃபிட்டிங்குக்கெல்லாம் வரமாட்டாள். அளவு இத்துடன் இருக்கிறது, அப்படியே தைக்கச் சொல். இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதைக் கவனி. லேஸ் வேண்டாம். முதுகில் பொத்தான் வைக்க வேண்டும், பொத்தானை நானே அனுப்பியிருக்கிறேன். என் கடை லேபிளைப் பெரிதாகவே வை.

எதிர்க்கடைக்காரி உனக்கு எழுதுகிறாளா? நேற்று வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கென்ன.

சின்னக்கா

ஜூன் 1

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி வணக்கம். முதுகு சுகம், மனசுதான் படபடப்பாக இருக்கிறது. உங்களை ஒரு பெரிய மோசடியிலிருந்து காப்பாற்றியிருக்கிறேன்.

உங்கள் அந்தக் கஸ்டமர் சரியில்லை. இதே கவுனை இன்னொரு கடையிலும் ஆர்டர் கொடுத்திருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், ஒர்க்‌ஷாப்பில் எல்லாக் கடை ஆர்டரும்தானே வருகிறது. மாஸ்டரம்மா இரண்டு அளவுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மார்பு, இடுப்பு, உயரம் எல்லாம் ஒன்று. இடது தோள் இறக்கம் உட்பட ஒன்று. அது போகட்டும், இரண்டு கடையிலிருந்தும் வந்த பொத்தான்கூட ஒன்றேதான். ஒரே மாதிரி சின்னப் பொட்டலம்.

“ஒரே பொம்பளைதாங்க. எது நல்லா வருதோ அத எடுத்துக்கிட்டு இன்னொண்ண கடைக்காரங்க தலையில கட்டிடுவாங்க” என்றார் மாஸ்டரம்மா. இப்படி நிறையப் பார்த்திருக்கிறாராம்.

உங்கள் துணியை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அந்தக் கடையின் துணியில் இன்னும் கத்திரி வைக்கவில்லை. அதனால் அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். லேஸ் கிடைக்கவில்லை என்று அங்கே ஒரு வரி எழுதிப் போட்டாயிற்று. இனி அவள் உங்களிடம்தான் வாங்கியாக வேண்டும்.

நான் செய்தது சரிதானே? உடனே பதில் போடுங்கள்.

தம்பி

ஜூன் 18

தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

லேஸ் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். நான் லேஸே வேண்டாம் என்றுதானே எழுதினேன்? வேண்டாத லேஸ் கிடைக்காததற்கு எதற்காக ஒரு கவுனை நிறுத்துவாய்? ஒருமுறை படித்தேன், புரியவில்லை. மறுபடி படித்தேன், நீ பொய் சொல்கிறாய் என்பது மட்டும் புரிந்தது.

அந்தக் கஸ்டமர் நான்தான்.

எனக்கும் பொத்தான்காரருக்கும் கல்யாணம். உனக்கு அவரைத் தெரியும். தோள்பையில் பொத்தான் அட்டைகளோடு எங்கள் தெருக் கடைகளுக்கெல்லாம் வருவாரே, அவர்தான். மூன்று வருஷமாக எனக்குப் பொத்தான் காட்டிக்கொண்டிருந்தார். நான் போன மாசம் வாங்கிய பொத்தானையே இந்த மாசம் புதிதாக வந்திருக்கிறது என்று காட்டுவார். மனுஷனுக்கு மறதி என்று நினைத்தேன். மறதியில்லை என்று உறைக்கவே எனக்கு அவ்வளவு நாள் ஆனது.

உன்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்ன பிறகு ஏதாவது ஆகி நின்றுபோனால் மறுபடி அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டுமே என்று பயந்தேன். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட பிறகு எல்லோருக்கும் சொல்லலாம் என்றிருந்தேன்.

கடையில் இத்தனை கவுன் தொங்குகிறதே, ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளேன் என்று சொல்லிவிடாதே. இன்னொருத்திக்குத் தைத்த கவுனை இனி என் உடம்பில் போடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நீயே தைத்துக்கொள் என்றும் சொல்லாதே. என் முதுகில் நானே எப்படிக் குண்டூசி குத்துவேன்?

எனக்காக மட்டும் வெட்டித் தைத்த ஒன்றே ஒன்றைக் கேட்டேன். அதையும் நிறுத்திவிட்டாய். ஏன் என்று மட்டும் சொல்.

சின்னக்கா

ஜூன் 21

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா? நான் ஜூன் ஒன்றாம் தேதி எழுதியதற்கு உங்களிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அந்த லேபிள் இல்லாத கவுன் விஷயம். அது தயாராகிவிட்டது. ஆனால் வருவதில் ஒரு சிக்கல். லாரி பழுதாகிவிட்டது. இல்லை, லாரி பழுதாகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கூரை ஒழுகி கவுன் மேல் தண்ணீர் பட்டுவிட்டது. தண்ணீரும் படவில்லை. அக்கா, எனக்குப் பொய் எழுத வரவில்லை. பேசும்போது எப்படியோ வந்துவிடுகிறது.

அந்தக் கவுனை வேறொரு இடத்துக்கு அனுப்ப எனக்கு அனுமதி கொடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் சீசன் வேலை குவிந்துகிடக்கிறது, உங்கள் கஸ்டமருக்கு ஆகஸ்டில்தான் புதிதாக ஒன்று தைத்துத் தர முடியும். எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. நீங்கள் எழுதிய அளவு உண்மையில் ஒரு கஸ்டமரின் அளவே இல்லை. நம் கடையில் முன்பு எல்லாக் கவுனுக்கும் எடுத்த அளவைக் கை பழக்கத்தில் எழுதிவிட்டீர்கள். சரிதானே? அப்படியென்றால் அது ஜன்னலில் வைக்கத்தானே போகிறீர்கள்? இங்கே ஒருத்திக்கு அது உயிர் போகிற அவசரம். யார் என்று கேட்காதீர்கள். சொன்னால் கோபப்படுவீர்கள்.

மாஸ்டரம்மா கவுனைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். எந்த ஊர் லாரியில் ஏற்றுவது என்று தினமும் கேட்கிறார். நான் தினமும் நாளைக்கு என்கிறேன்.

தம்பி

ஜூன் 25

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கிற மாதிரி தெரியவில்லை.

அனுமதி கிடையாது.

உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? பெட்டிக்குக் கயிறு கட்டும்போது நுனியை இரண்டு தரம் உள்ளே விட்டு இழுப்பாய். அவிழ்க்க முடியாமல் கத்தியால்தான் அறுக்க வேண்டும். ஏப்ரலில் எதிர்க்கடை வாசலில் பிரித்துப் போட்ட பெட்டியில் அந்த முடிச்சைப் பார்த்தேன். அப்போது நான் ஏதாவது கேட்டேனா? ஜன்னலில் நம் கவுனைப் பார்த்தபோது ஏதாவது கேட்டேனா? இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது ஆக்கினாய். நல்லதுதான் செய்தாய் என்று பேசாமல் இருந்தேன்.

என் கஸ்டமர் மோசடிக்காரி இல்லை. அவள் இரண்டு கடையில் ஆர்டர் கொடுப்பாள், இருபது கடையில் கொடுப்பாள். அவள் இஷ்டம். அந்த ஆர்டரை நிறுத்தச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? அதைப் படித்துவிட்டு உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பதில் போடவில்லை.

அளவைப் பழக்கத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதினேன்.

கவுன் என் கடைக்கு வர வேண்டும். வேறெங்கும் போகக்கூடாது. அது என் கையிலிருந்துதான் போக வேண்டும். போகிற இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, அது என் பாடு. நீ லாரியில் ஏற்று.

பெரியக்கா

ஜூன் 28

அன்புள்ள சின்னக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரொம்பத் தூரத்துக் கடை உன் கடைக்கு எதிரே இருக்கிறது. பத்து கவுன் அவருக்கு, பத்து உனக்கு. நீங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பேருக்கும் கிடைத்திருக்காது. அப்புறம் மே மாதம் உன் அளவில் ஒரு கவுன் பெரியக்காவும் கேட்டார், நீயும் கேட்டாய். ஒருத்தியே இரண்டு கடையையும் ஏமாற்றுகிறாள் என்று நினைத்து உன்னுடையதை நிறுத்திவிட்டேன். உன் அளவு எது என்று தம்பிக்காரனுக்குத் தெரிய வேண்டாமா என்று நீ கேட்கலாம். எனக்குப் பெட்டி அளவுதான் தெரியும்.

பெரியக்கா அந்தக் கவுனை விட்டுத்தர மாட்டேன் என்கிறார். அவர் கடிதத்தை எத்தனையோ தரம் படித்துவிட்டேன். கஸ்டமர் மோசடிக்காரி இல்லை என்கிறார், அளவை யோசித்து எழுதினேன் என்கிறார், என் கையிலிருந்துதான் போக வேண்டும் என்கிறார். யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தலை சுற்றுகிறது. மாஸ்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உங்களுக்குப் பெட்டி கட்ட மட்டும்தான் தெரியுமாங்க?” என்றார். அதுவும் எனக்குப் புரியவில்லை.

கவுன் இன்று லாரியில் கிளம்பிவிட்டது. ஜூலை முதல் வாரம் எதிர்க்கடைக்கு வந்துவிடும். அது உன் அளவு. உனக்குச் சரியாக இருக்கும். ரோட்டைத் தாண்டிப் போய்க் கேள். என்னைத் திட்டியாவது கேள்.

உன் தம்பி

ஜூலை 10

அன்புள்ள முடிச்சுக்கு,

சின்னக்கா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உன் பெரியக்காவுக்கு முட்டிவலி அதிகம், டாக்டரிடம் அழைத்துப்போக நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று மறுபடி படித்துப் பார்க்காதே. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, போகவே மாட்டேன் என்றுதான் இருந்தேன். போன வாரம் பெட்டி வந்து இறங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் அதைப் பிரிக்கவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு என் கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தால் குனிந்துகொள்வாள். மறுநாளும் பெட்டி அங்கேயே இருந்தது. ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்தாள். நின்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நேற்று மத்தியானம் கடையைப் பூட்டாமலே போனேன். ரோட்டைத் தாண்டும்போது ஒரு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.

“உன் தம்பி மாத்தி அனுப்புன பெட்டி இங்க இருக்காம்” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவன் ஒண்ணும் மாத்தி அனுப்பல. கதவச் சாத்திட்டு வா” என்றாள்.

கத்தியால் உன் முடிச்சை அறுத்தாள். கவுன் மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்குச் சட்டென்று வாயில் வந்தது அதுதான், “லேபிள் எங்க?”

“எந்தக் கடை லேபிள வைக்கிறது? இது விக்கிற கவுன் இல்ல” என்றாள்.

பொத்தான்காரர் ஏப்ரலிலேயே அவளிடம் உளறியிருக்கிறார். கல்யாணக் கவுனுக்கு எந்தப் பொத்தான் பொருத்தம் என்று அவளிடமே போய்க் கேட்டாராம். கடைசியில் அதே பொத்தானை எனக்கும் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷனுக்கும் உனக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அவளால் இப்போது முட்டி போட முடியவில்லை. என்னை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டாள். “கையைத் தூக்கு” என்றாள். தூக்கினேன். “திரும்பு” என்றாள். திரும்பினேன். தோள் அச்சாக உட்கார்ந்தது. இடுப்புதான் கொஞ்சம் இறுக்கம்.

“குண்டாயிட்ட” என்றாள்.

“நாலு வருஷமா யாரும் மூச்சைப் பிடிக்கச் சொல்லல” என்றேன்.

அவள் விளிம்புக்குக் குனிந்துகொண்டாள். விளிம்பு முழுக்கக் குத்தி முடித்துவிட்டாள். குத்த இடமே இல்லை. அப்படியும் இரண்டு குண்டூசி வாயிலேயே இருந்தது, எடுக்கவில்லை. பேசாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டுமென்றுதான் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சொன்னதைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இருபதாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. மாஸ்டரம்மாவையும் அழைத்து வா. பெட்டி எதையும் தூக்கிக்கொண்டு வராதே. சாட்சிக் கையெழுத்து நீயும் அக்காவும் போட வேண்டும்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ஃபிட்டிங் முடிந்ததும் பழக்கதோஷத்தில் நானே கையைப் பின்னால் கொண்டுபோய் முதல் பொத்தானை எடுக்கப் போனேன். அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

“கழட்டாத. கொஞ்ச நேரம் அப்படியே நில்லு. நான் பாக்கணும்” என்றாள்.

அன்புடன்,
சின்னக்கா